காக்கிச் சட்டைக்கு மட்டுமா இந்தப் படிப்பு?

வாசகர் கேள்வி பதில்
பதில் சொல்பவர்: வேலூர் தொரப்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்

தொரப்பாடி மத்திய சிறையை ஒட்டிய வார்டர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பா அங்கே வார்டர். 1830ல் கட்டிய சிறை அது. உள்ளே மணியடித்தால் எங்கள் வீட்டிலும் மணி தெரியும். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிரிமினாலஜி, அதாவது குற்றவியல், முதுகலை படித்தேன். 1988ல் சிறைத் துறையின் நன்னடத்தைப் பிரிவில், அதாவது குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவதைப் பார்க்கிற பிரிவில், சேர்ந்து முப்பது வருடம் அந்த ஒரே வேலையைப் பார்த்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இந்தப் படிப்பைப் பற்றியே இருப்பதால், இந்த இதழில் அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

பிளஸ் டூவில் வரலாறு குரூப் படித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். எஸ்.ஐ. ஆக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. அதனால் பி.ஏ. கிரிமினாலஜி சேர நினைக்கிறேன். "எஸ்.ஐ. ஆக எந்த டிகிரி இருந்தாலும் போதுமே, அப்புறம் எதுக்கு இது?" என்று அண்ணன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
மாணவி, குடியாத்தம்

அண்ணன் சொன்னதில் தப்பில்லை கண்ணு. எஸ்.ஐ. தேர்வுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பது ஏதாவது ஒரு பட்டம். பெண்களுக்கு உயரம் 159 சென்டிமீட்டர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 157. குறைந்தது 20 வயது ஆகியிருக்க வேண்டும். தமிழ்த் தகுதித் தேர்வு, எழுத்துத் தேர்வு, ஓட்டம், நேர்முகம் எல்லாமே எல்லோருக்கும் ஒன்றுதான். தமிழ் இலக்கியம் படித்தவளும் பி.எஸ்சி. கணிதம் படித்தவளும் உன் பக்கத்தில் நின்று ஓடுவார்கள். தேர்வில் ஜெயிக்க மட்டும் என்றால் இந்தப் படிப்பு தேவையில்லை. இதை மறைத்து உன்னைக் கல்லூரியில் சேர்த்துவிட எனக்கு மனசு வராது.

ஆனால் ஜெயித்த பிறகு? அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன், கொஞ்சம் பெரிது.

1997 கோடை. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பையன், 19 வயது. ஒரு விவசாயியின் மோட்டார் கொட்டகையில் காப்பர் ஒயரை அறுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றுவிட்டான். பிடித்ததும் ஒப்புக்கொண்டான். 21 வயது ஆகாதவரை, ஆயுள் தண்டனை வரை போகாத வழக்கில், சிறைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் நீதிமன்றம் எங்களிடம் அறிக்கை கேட்க வேண்டும். 1958ம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 6வது பிரிவு அது. அப்படித்தான் அந்த வழக்குக் கட்டு என் மேஜைக்கு வந்தது. புரட்டினால் நடுவில் ஒரு வரி: "குடும்பமே திருட்டுப் பழக்கம் உள்ளது."

பஸ் ஏறிப் போனேன். ஒற்றை அறை ஓட்டு வீடு. அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அப்பாவும் பையனும் ஒரே தோல் ஷாப்பில் கூலிகள். முந்தின வருடம் ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் கெடுக்கும் தோல் ஆலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத ஆலைகளை மூட வேண்டியதாயிற்று. பாலாற்றுக் கரையில் பிறந்தவள் நான், அந்தத் தீர்ப்பு அவசியமானது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இவர்கள் வேலை செய்த இடமும் பூட்டிக் கிடந்தது, ஐந்து மாதமாகக் கூலி இல்லை. கிராமத்தில் பத்து வீடு ஏறி விசாரித்தேன். காவல் நிலையப் பதிவேட்டையும் பார்த்தேன். அந்தக் குடும்பத்தின் மேல் அதற்கு முன் ஒரு வழக்கு இல்லை, ஒரு புகார்கூட இல்லை.

அப்படியானால் அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது? கட்டிலேயே இருந்தது பதில், சாதி எழுதிய கட்டத்தில். 1871ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி, ரேகை வைக்க வேண்டும், சொல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. 1947ல் நம் மாகாணம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. சட்டம் போய் ஐம்பது வருடம் கழித்தும் எழுதுகிற கை பழைய தடத்திலேயே போயிருக்கிறது. இதை வகுப்பில் மாதக்கணக்காகப் படித்திருந்ததால் அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. படிக்காமல் இருந்திருந்தால் நானும் அதைக் காப்பி எடுத்து என் அறிக்கையில் சேர்த்திருப்பேன், பொய் எழுதுகிறோம் என்ற எண்ணம்கூட வந்திருக்காது.

நீதிபதி என் அறிக்கையைப் படித்துவிட்டு இரண்டு வருட நன்னடத்தைப் பிணையில் பையனை அனுப்பினார். மாதாமாதம் வந்து கையெழுத்துப் போட்டான். நன்னடத்தைச் சட்டத்தின் 12வது பிரிவின்படி, அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனை பெற்றதால் வருகிற தகுதி இழப்பு எதுவும் கிடையாது. பிணைக் காலம் முடிவதற்குள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணனுக்கு இதைச் சொல்: நாளைக்கு எஸ்.ஐ. ஆனால் அந்த ஒரு வரியை எழுதுகிற பேனா உன் கையில் இருக்கும். தேர்வுக்கு எந்த டிகிரியும் போதும். அந்தப் பேனாவைப் பிடிக்க மூன்று வருடம் படித்தால் என்ன?

சரி, சேரும் முன் ஒரு வேலை செய். சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்றத்துக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் போ. குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார். திறந்த நீதிமன்றம்தான், யாரும் உட்காரலாம். போனை அணைத்து வைத்துவிடு. வழக்கு கூப்பிட்டதும் இரண்டு நிமிடத்தில் வாய்தா போட்டு அடுத்ததற்குப் போவார்கள். வெளியே வராண்டாவில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அம்மாக்கள் நிற்பார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ம் வருடக் கணக்கில், இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றம் செய்தாரா இல்லையா என்றே இன்னும் தீர்ப்பாகாதவர்கள். முதல் வழக்கில் மாட்டியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 479வது பிரிவு இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்கு அது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் கிடைக்காது. பிரிவு இருந்தாலும் அந்த நாளை எண்ணி எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மூன்று நாள் பார்த்த பிறகு அந்த வராண்டா உன் மனசைவிட்டுப் போகவில்லை என்றால் விண்ணப்பம் போடு.

என் மகள் இந்தப் படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நான் பி.காம். சேர்க்கலாம் என்றிருந்தேன். இதில் வேலை உண்டா? வேலை என்றாலும் ஸ்டேஷன், ஜெயில் என்றுதானே அலைய வேண்டும்? பெண் பிள்ளை.
ஒரு தந்தை, ஆற்காடு

ஐயா, பயம் நியாயமானது. முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்தப் பட்டத்தைக் காட்டினாலே வேலை என்று ஒன்றும் இல்லை. மூன்று வருடம் முடித்து அதோடு நிறுத்திக்கொண்டால் சிரமம்தான். அடுத்த படி ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2ல் நன்னடத்தை அலுவலர் பணி வரும், நான் பார்த்த வேலை அது. உதவி சிறை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. பெண்களைத் தனியாகவே எடுக்கிறது, பெண்கள் சிறைகளுக்காக. மூன்று வருட சட்டப் படிப்புக்குப் போகலாம். வேலூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வக்கீலாக ஐந்து வருடம் குற்ற வழக்குகள் நடத்திவிட்டால் உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு எழுதலாம். சமூகப் பணியில் முதுகலை முடித்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர் போன்ற இடங்கள். அவற்றில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, சம்பளம் குறைவு. இதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

பி.காம். பற்றிச் சொன்னீர்கள். கணக்குத் தெரிந்தவருக்கும் இந்தத் துறையில் வேலை இருக்கிறது. அமெரிக்காவில் சதர்லேண்ட் என்ற சமூகவியல் அறிஞர் 1939ல் ஒரு கேள்வி கேட்டார்: பெரிய நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற மோசடியை ஏன் குற்றக் கணக்கில் சேர்ப்பதில்லை? 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற பெயரே அவர் வைத்தது. நம் பக்கத்தில் அதிக வட்டி என்று சொல்லிப் பணம் வாங்கி மறைந்த நிதி நிறுவனங்களில் நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். முதலீட்டாளர் நலனைக் காக்க தமிழ்நாடு 1997ல் தனிச் சட்டமே போட்டது. அந்த வழக்குகளில் குவியும் ரசீதையும் பேரேட்டையும் படிக்கத் தெரிந்தவர் தேவை. மகள் பி.காம். படித்துவிட்டு முதுகலையில் கிரிமினாலஜிக்கு வரலாமா என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். சேப்பாக்கத்தில் நான் படித்த துறையில் முதுகலை இருக்கிறது. அவளும் நீங்களும் பேசி முடிவெடுக்கிற விஷயம் அது, என் வார்த்தையை வைத்துக்கொண்டு அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அப்புறம், பெண் பிள்ளை என்பது. என்னை எம்.ஏ. சேர்க்கும்போது என் அப்பாவிடம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இதையே கேட்டார்கள். அவர் ஒரு பதில்தான் சொன்னார்: "உள்ள இருக்கிற பொம்பளைங்ககிட்ட பேச ஒரு பொம்பளை வேணாமா?" வார்டர் வேலையில் அவர் கண்டது அது. வேலூர் பெண்கள் தனிச் சிறைக்கு நான் எத்தனை தரம் போயிருப்பேன் என்று கணக்கில்லை. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தோம் என்பதைத்தான் அங்கே அதிகம் பேர் முதலில் பேசுவார்கள். ஓர் ஆண் அதிகாரியிடம் அந்தப் பேச்சு வராது.

ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு தொரப்பாடிக்கு வாருங்கள். சிறை நிர்வாகப் பயிற்சி நிறுவனம் இங்கே இருக்கிறது, ஆப்கா என்று சொல்வார்கள். 1979ல் தொடங்கியது. தமிழ்நாடு மட்டுமல்லாமல் கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா சிறை அதிகாரிகளும் இங்கே வந்துதான் பயிற்சி எடுக்கிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. தென்னிந்தியா முழுவதற்கும் உள்ள இடம் நம் பஸ் போகிற தூரத்தில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

கல்லூரியை விசாரிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். பாடம் எடுப்பவர்களில் கிரிமினாலஜியில் முதுகலை படித்தவர் எத்தனை பேர்? மாணவர்களை நீதிமன்றம், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம், சிறை என்று வருடத்துக்கு எத்தனை முறை கூட்டிப் போகிறீர்கள்? ஒரு கல்லூரியில் பேச என்னை அழைத்திருந்தார்கள். இரண்டாம் வருடப் பிள்ளைகள், ஒருவர்கூட அதுவரை நீதிமன்ற வாசலை மிதித்ததில்லை. சமையலைப் புத்தகத்தில் மட்டும் படித்த மாதிரி. அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்துகொண்டே தபால் வழியில் பி.ஏ. கிரிமினாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். பிளஸ் டூவில் காமர்ஸ். தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர விருப்பம். வழி சொல்லுங்கள் மேடம்.
வாசகர், ஆம்பூர்

தம்பி, இந்தப் பட்டத்தோடு ஆய்வகத்துக்குள் போக முடியாது. அங்கே வேண்டியது வேதியியல், உயிரியல், இயற்பியல். ரத்தக் கறையையும் விஷத்தையும் சோதிக்கிறவர் அறிவியல் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். கிரிமினாலஜி வேறு, தடய அறிவியல் வேறு. பெயர் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். சேரும்போதே உங்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஆய்வகத்துக்கு வெளியேயும் தடயத்தோடு சம்பந்தப்பட்ட வேலை இருக்கிறது. 2024 ஜூலை 1ல் புதிய மூன்று சட்டங்கள் வந்துவிட்டன. 1860ன் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, 1973ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 1872ன் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதினியம். ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயம் எடுக்க வேண்டும் என்று இப்போது சட்டம் சொல்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்து வருட அவகாசம். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்தார்களா என்று பார்க்க, காவல் நிலையத்திலும் வக்கீல் அலுவலகத்திலும் விஷயம் தெரிந்தவர்கள் வேண்டும். உங்கள் பாடப் புத்தகத்தில் இன்னும் பழைய பிரிவு எண்களே இருந்தால் புதியதைப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே படியுங்கள். திருட்டு 379 என்று முப்பது வருடம் எழுதிய கை என்னுடையது. இப்போது அது 303. நானும் மறுபடி படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

படிப்பை விட்டுவிடாதீர்கள். ஷிப்ட் முடிந்து வந்து படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பட்டம் முடிந்ததும் குரூப் 2 எழுதுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவன். கிரிமினாலஜி புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சமாளிக்க முடியுமா?
மாணவர், திருப்பத்தூர்

முடியும். நானும் தமிழ் மீடியம்தான். முதல் ஆறு மாதம் அகராதியோடு உட்கார வேண்டியிருக்கும். ஆனால் இந்தத் துறையில் மக்கள் பேசுவது தமிழ். வாக்குமூலம், ஜாமீன், வாய்தா, பிறழ்சாட்சி என்று வழக்கு முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது, கீழ் நீதிமன்றத் தீர்ப்புகளையும் தமிழில் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் ஒரு பாட்டிக்குப் புரிய வைக்க முடிகிறதா என்று தினமும் உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் காலையில் கோலம் போடும்போது என் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் தழும்பு இருக்கிறது. பிடிபட்டவனுக்கு வக்கீல் இருக்கிறார், ஜாமீன் இருக்கிறது, சிறையில் கவுன்சலிங்கூட உண்டாம். என்னிடம் வந்து எப்படி இருக்கிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை. குற்றவாளியைப் பற்றிப் படிக்க ஒரு படிப்பு என்றால், எங்களைப் பற்றிப் படிக்க யார் இருக்கிறார்கள்?
குடும்பத் தலைவி, சத்துவாச்சாரி

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மேலே பேரணாம்பட்டுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவன் வீட்டுக்குப் போனேன், பத்து வீடு விசாரித்தேன். ஆனால் அந்த மோட்டார் யாருடையதோ, அந்த விவசாயியை நான் போய்ப் பார்க்கவே இல்லை. கோடையில் ஒயர் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் பயிர் என்ன ஆகும் என்று கிராமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். எங்கள் அறிக்கைப் படிவத்தில் அவருக்கு ஒரு கட்டம் இல்லை, அதனால் எனக்கும் தோன்றவில்லை. அதே நன்னடத்தைச் சட்டத்தின் 5வது பிரிவில், விடுவிக்கப்படுகிறவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீதிபதி யோசித்திருப்பார். எழுதவில்லை. என் வேலையில் நான் செய்த தவறு என்று இதைத்தான் சொல்வேன்.

நீங்கள் கேட்ட படிப்பு இருக்கிறது. பாதிக்கப்பட்டோர் இயல் என்று பெயர். அதை இந்தியாவில் ஊன்றியதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையின் பேராசிரியர் கே. சொக்கலிங்கம், பின்னாளில் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர், இதற்காகவே உழைத்தார். 1992ல் இந்தியப் பாதிக்கப்பட்டோர் இயல் சங்கம் தொடங்கியது. இன்று கிரிமினாலஜி பாடத்திட்டங்களில் இது ஒரு தாளாக இருக்கிறது. ஒரு தாள் போதாது என்பது என் எண்ணம். மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க உங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

இப்போது உங்களுக்குச் செய்ய வேண்டியது. எப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193வது பிரிவு சொல்கிறது. அப்படி எந்தத் தகவலும் வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் பதிவு இருக்காது. சங்கிலி மீட்கப்பட்டிருந்தால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நீதிமன்றத்தில் மனு போட்டு, போட்டோ எடுத்து எடை குறித்துக்கொண்ட பிறகு, பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கலாம். இதற்கெல்லாம் வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ம் வருடச் சட்டம் அது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். காயத்துக்கு இழப்பீடு கேட்க முடியுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

காலையில் மறுபடி கோலம் போடுகிறீர்களா? எழுதுங்கள் அம்மா.

என் மகனுக்கு 22 வயது. கல்லூரியில் கிரிமினாலஜி முடித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் நடந்த அடிதடியில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். வழக்கு விடுதலை ஆகிவிட்டது. விடுதலைதான் ஆகிவிட்டதே, படிவத்தில் ஏன் எழுத வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எழுத வேண்டுமா?
ஒரு தாய், காட்பாடி

எழுதச் சொல்லுங்கள் அம்மா, கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் விசாரிக்கும்போது எப்படியும் தெரிந்துவிடும். வழக்கு இருந்தது ஒரு பிரச்சினை, மறைத்தது அதைவிடப் பெரிய பிரச்சினை. 2016ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறது. தகவலை உண்மையாகக் கொடுக்க வேண்டும். சின்ன வயதில் நடந்த அற்ப விஷயமாக இருந்தால் அதிகாரி அதைக் கருத்தில் கொள்ளலாம். உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் மறைத்தவரின் நிலை இன்னும் மோசம்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். 'விடுதலை' என்ற சொல் மட்டும் போதாது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்திருந்தால், தமிழ்நாடு காவல் பணி விதிகள் அவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கணக்கில் வைக்கின்றன. குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லி முழுமையாக விடுவித்திருந்தால் நிலைமை வேறு. எதுவென்று தீர்ப்பின் கடைசிப் பத்தியில் இருக்கும். மூன்று வருடம் கிரிமினாலஜி படித்த பையன், அவனுக்கே படிக்கத் தெரியும். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இல்லையென்றால் வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் மனு இந்த வாரமே போடுங்கள். வந்ததும், அது எப்படி இருந்தாலும், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். படிவத்தில் வழக்கு எண், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி மூன்றையும் அவன் கையாலேயே எழுதட்டும்.